அந்தச் சான்றிதழில் இருந்த தேதி

மருத்துவக் கவுன்சில் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய வருடம் இது. ஐந்து வருடத்துக்கு 30 மணி நேரம் சி.எம்.இ., அதாவது டாக்டர்களுக்கான தொடர் கல்வி வகுப்பு, முடித்திருக்க வேண்டும் என்று 2002-ல் வந்த ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது, எல்லா டாக்டர்களும் அதற்காகத்தான் சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். நானும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாவற்றையும் தரையில் பரப்பி, தேதி வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். சர்க்கரை நோய், ரத்தக்கொதிப்பு, டெங்கு, மறுபடியும் சர்க்கரை நோய், இதயச் செயலிழப்பு. நடுவில் ஒன்று, மது சார்பு நோய் சிகிச்சை பற்றியது, ஒன்றரை மணி நேரம். அதில் இருந்த தேதியைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. அந்தத் தேதிக்குச் சரியாகப் பதினோரு நாள் கழித்துத்தான் அவர் எங்கள் மருத்துவமனைக்கு வந்தார்.

அவரைப் பற்றி இதுவரை நான் எங்கும் எழுதியதில்லை. வயது 41, வெல்டிங் வேலை. ஞாயிறு இரவு பைக்கில் சறுக்கி விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து எலும்பு வார்டில் சேர்த்திருந்தார்கள். திங்கள் காலை ஆபரேஷனுக்கு ஃபிட்னஸ் பார்க்கப் போனது நான்தான். சர்க்கரை சரி, ஈ.சி.ஜி. சரி, பிரஷர் கொஞ்சம் கூட இருந்தது, வலியால் இருக்கும் என்று நினைத்தேன். கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் யாரோ ‘ஆல்கஹாலிக்’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்கள். படித்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டேன்.

செவ்வாய் இரவு அவர் உளற ஆரம்பித்திருக்கிறார். சுவரில் பூச்சி ஊர்கிறது என்று தட்டிவிட்டுக்கொண்டே இருந்தாராம், கையில் குத்தியிருந்த வென்ஃப்ளான் ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, உடைந்த காலோடு கட்டிலை விட்டு இறங்கப் பார்த்திருக்கிறார். டூட்டியில் இருந்த ஹவுஸ் சர்ஜன் பையன் மனக்கலக்கத்தை அடக்கும் ஹாலோபெரிடால் ஊசி ஒன்று போட்டுவிட்டு, இரண்டு கையையும் காஸ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டச் சொல்லியிருக்கிறான். இருபத்து மூன்று வயது, அந்த நேரத்தில் அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. புதன் காலை என் கருத்தைக் கேட்டு ஒப்பீனியன் வந்தது. நான் போனபோது குளுக்கோஸும் உப்பும் கலந்த டி.என்.எஸ். பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது, அதில் ஆப்டினியூரான் என்ற பி வைட்டமின் மருந்து ஓர் ஆம்பியூல். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், என் பக்கம் திரும்பினார். கண் இரண்டும் ஒரு பக்கமாகப் போய் அங்கே நிற்க முடியாமல் துடித்துத் துடித்துத் திரும்பி வந்தன. அதைப் பார்த்த உடனே என்ன நடந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அவர் பிழைத்தார். எலும்பு கூடியது. கண் ஒரு வாரத்தில் சரியானது. நினைவு திரும்பவில்லை. மூன்று மாதம் கழித்து ஓ.பி.க்கு அவர் மனைவி கூட்டி வந்தபோது சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: “பழசெல்லாம் நல்லாச் சொல்றார் டாக்டரம்மா. காலையில என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டா மட்டும், மதுரைக்குப் போயிட்டு இப்பத்தான் வந்தேன்ங்கறார்.” அவர் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே என்னிடம், “நீங்க சாப்பிட்டீங்களா டாக்டர்?” என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். நான் சீட்டு எழுதி முடிப்பதற்குள் இன்னும் நான்கு தடவை அதையே கேட்டார், ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்பதுபோல அவ்வளவு அக்கறையாக.

தெரிந்தும்

எனக்குத் தெரியாமல் இது நடக்கவில்லை, அதுதான் இத்தனை நாளாக என்னைக் குடைகிறது. அந்த ஞாயிறு சான்றிதழை வைத்துவிட்டுப் போனில் பழைய படங்களைத் தேடினேன். இருந்தது. அந்த வகுப்பில் திரையில் ஓடிய ஸ்லைடை நானே படம் எடுத்து வைத்திருக்கிறேன். குடியை நிறுத்தி ஆறு மணி நேரத்திலிருந்து நடுக்கம் ஆரம்பிக்கலாம், 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், 48-லிருந்து 96 மணிக்குள் டெலிரியம், அதாவது உளறலும் இல்லாததைக் காண்பதும். குளுக்கோஸ் போடும் முன் தயமின் என்ற பி1 வைட்டமின். தயமின் குறைவால் மூளை கெடும் வெர்னிக்கி நோய் என்று சந்தேகம் வந்தாலே ரத்தக்குழாய் வழியாக 500 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. எல்லாமே அந்த ஒரே ஸ்லைடில் இருந்தது. ஓர் ஆப்டினியூரானில் இருக்கும் தயமின் 100 மில்லிகிராம், அதுவும் அவருக்கு நாளுக்கு ஒன்றுதான் போயிருந்தது. வாய் வழியாகக் கொடுத்தால் குடிப்பவர்களின் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது என்பதுவரை என் போனில் இருந்தது.

வெர்னிக்கி என்ற பெயர் 1881-லிருந்து புத்தகத்தில் இருக்கிறது. கண் அசைவு, நடைத் தள்ளாட்டம், குழப்பம் என்று மூன்று அறிகுறியை மனப்பாடம் செய்து எம்.பி.பி.எஸ். வைவாவில் ஒப்பித்திருக்கிறோம். மூன்றும் சேர்ந்து தெரிவது ஆறு பேரில் ஒருவரிடம்தான் என்பதை யாரும் அழுத்திச் சொன்னதில்லை. இவர் விஷயத்தில் காலில் மாவுக்கட்டு, நடக்க வைத்துப் பார்க்க வழியே இல்லை. குழப்பத்தைக் குடி நிறுத்திய டெலிரியம் என்று எடுத்துக்கொண்டார்கள், அதுவும் உண்மைதான், இரண்டும் சேர்ந்தே இருந்தன. மிச்சம் கண் ஒன்றுதான். இருட்டில் கத்திக்கொண்டு கட்டப்பட்டிருக்கிற ஒரு மனிதரின் கண்ணை ராத்திரி இரண்டு மணிக்கு யார் பார்ப்பார்கள்?

அந்த வகுப்பு நன்றாகத்தான் நடந்தது. பேசியவர் விஷயம் தெரிந்தவர், தயாரித்துக்கொண்டு வந்திருந்தார். குடியை விட உதவும் நால்ட்ரெக்ஸோன் எப்படி வேலை செய்கிறது, அகாம்ப்ரோசேட் யாருக்கு, ஈரல் கெட்டவர்களுக்கு ஏன் பாக்லோஃபென், ஏன் லிப்ரியத்துக்குப் பதில் லோராஸெபாம் என்றெல்லாம் தெளிவாகச் சொன்னார். நூற்றிருபது பேர் இருட்டு ஹாலில் உட்கார்ந்து கேட்டோம். அத்தனை பேரும் டாக்டர்கள். ஒரு நர்ஸ்கூட இல்லை. கேட்டோம், படம் எடுத்தோம், சாப்பிட்டோம், சான்றிதழ் வாங்கிக்கொண்டு வந்தோம். அங்கே பேசப்பட்ட நோயாளி தானாகவே குடியை விட வேண்டும் என்று முடிவெடுத்து மனநலப் பிரிவு ஓ.பி.யில் வந்து உட்கார்ந்திருப்பவர். அப்படி வருபவர்கள் எத்தனை பேர்? எய்ம்ஸின் போதைச் சிகிச்சை மையம் நாடு முழுவதும் எடுத்து, 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பில் இருக்கிறது: மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொல்லியிருக்கிறார். உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180-ல் ஒருவர். மீதிப் பேர் எங்கேயும் போகாமல் இல்லை. கால் ஒடிந்து எலும்பு வார்டுக்கும், ரத்த வாந்தி எடுத்து மெடிக்கல் வார்டுக்கும், கணையம் வீங்கி சர்ஜரி வார்டுக்கும், காசநோய்ப் பிரிவுக்கும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள், வேறு காரணத்துக்காக. ஆஸ்பத்திரியில் கடை இல்லை என்ற ஒரே காரணத்தால் அவர்கள் குடி அங்கே நின்றுபோகிறது. அந்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடுகிறது, நமக்குத்தான் அது தெரிவதில்லை.

ஒரு குவாட்டர் என்றால் எவ்வளவு

அவரைப் பார்த்த பிறகு ஒரு வருடம் நான் இதைப் பற்றிப் படித்தேன், கிடைத்த வகுப்புக்கெல்லாம் போனேன். போகப்போக ஒன்று உறுத்தியது. ‘ஸ்டாண்டர்ட் டிரிங்க்’ என்று ஒரு படம் காட்டுவார்கள், ஒயின் கிளாஸ், பீர் மக், சின்ன பெக் கிளாஸ் வரிசையாக. என் நோயாளி எவரும் அப்படிக் குடிப்பதில்லை. அவர்கள் சொல்வது குவாட்டர், கட்டிங், ஆஃப். “தினம் ஒரு குவாட்டர்தாங்க, அதுக்கு மேல போனதில்ல” என்று சொல்லும்போது அந்தத் ‘தாங்க’வை நாமும் நம்பிவிடுகிறோம். ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். குவாட்டர் 180 மில்லி, 42.8 சதவீதச் சாராயம், அடர்த்தியைப் பெருக்கினால் 60 கிராமுக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. பத்து கிராம் ஒரு டிரிங்க் என்றால் ஒரு குவாட்டர் ஆறு. உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் கேள்வித்தாளில் மூன்றாவது கேள்வியே “ஒரே நேரத்தில் ஆறு அல்லது அதற்கு மேல் குடிப்பது எத்தனை நாளைக்கு ஒருமுறை” என்பதுதான். நம்ம ஊரில் ‘அளவா’ குடிப்பவர் என்று மனைவியும் அம்மாவும் சொல்கிற ஆள் அந்தக் கேள்விக்கு ‘தினமும்’ என்று பதில் சொல்ல வேண்டியவர். கட்டிங் என்றால் மூன்று. ஒரு ஸ்ட்ராங் பீர் பாட்டில் நான்கு. இந்த நான்கு வரிக் கணக்கை எந்த வகுப்பிலும் யாரும் போட்டுக் காட்டவில்லை. ஒரு ஹவுஸ் சர்ஜனுக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தேவைப்படுவது இதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பேச்சு கொஞ்சம் விலகினாலும். குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கும் மாத்திரை. பஸ் ஸ்டாண்ட் சுவரெல்லாம் இதற்கு விளம்பரம் இருக்கிறது, நம்மில் சிலரே வீட்டார் அழுவதைப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுக்கிறோம். அந்த மாத்திரைதான் டைசல்ஃபிரம், 1940-களின் கடைசியில் டென்மார்க்கில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் குடல்புழுவுக்கு மருந்தாகுமா என்று தாங்களே விழுங்கிப் பார்த்தபோது அகப்பட்ட மருந்து. குடித்ததும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து அவர்களுக்கு உடம்பு படுத்தியெடுத்துவிட்டது. அந்தப் படுத்தலைத்தான் நாம் சிகிச்சை ஆக்கியிருக்கிறோம். தெரிந்து, சம்மதித்துச் சாப்பிடுபவருக்கு அது நல்ல மருந்து, ஒரு வேலி மாதிரி. தெரியாமல் சாப்பிட்டுவிட்டு ஒரு குவாட்டரை மொத்தமாக ஏற்றிக்கொள்பவருக்கு ரத்த அழுத்தம் கீழே போய் உயிரே போகலாம். இதை வீட்டாரிடம் எப்படிச் சொல்வது, அவர்கள் கோபத்தையும் பயத்தையும் எப்படி எதிர்கொள்வது என்பதற்கும் பயிற்சி வேண்டும். மருந்தின் பக்கவிளைவுப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு அந்த அம்மாவிடம் பேச முடியாது.

“அது ஷீட். அவர்கிட்ட?”

என் மனசு மாறிய இடம் ஓர் ஆன்லைன் வகுப்பு. 2003-ல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் டாக்டர் சஞ்சீவ் அரோரா என்பவர் ஹெபடைடிஸ் சி சிகிச்சையைக் கிராமப்புறத்துக்குக் கொண்டுபோக ஆரம்பித்த முறை இது, எக்கோ என்று பெயர். நிபுணர் நோயாளியைப் பார்க்க மாட்டார், நோயாளியைப் பார்க்கும் டாக்டரோடு வாரா வாரம் பேசுவார், டாக்டர் தன் கேஸைக் கொண்டு வந்து எல்லோர் முன்னாலும் வைப்பார். பெங்களூர் நிம்ஹான்ஸ் இதே முறையில் போதைச் சிகிச்சைக்கு வகுப்பு நடத்தி வருகிறது, வேறு சில இடங்களிலும் நடக்கிறது. நான் சேர்ந்தது அப்படிப்பட்ட ஒரு சின்ன வகுப்பில், இருபது பேர் இருந்தோம், அதில் ஆறேழு பேர் நர்ஸ்கள்.

என் முறை வந்தபோது இவர் கேஸைத்தான் வைத்தேன். தயமின் அளவு, ஹாலோபெரிடால் மட்டும் தனியாகக் கொடுத்தால் வலிப்புக்கு இடம் கொடுக்கும் என்பது, இதைப் பற்றியெல்லாம் கேட்பார்கள் என்று எதிர்பார்த்துத் தயாராக இருந்தேன். வகுப்பை நடத்திய மூத்த மனநல மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாக ஒன்றே ஒன்று கேட்டார். “மேடம், ஃபிட்னஸ் பார்க்கும்போது, கடைசியா எப்ப குடிச்சீங்கன்னு கேட்டீங்களா?”

“ஷீட்ல ஆல்கஹாலிக்னு இருந்தது சார்.”

“அது ஷீட். அவர்கிட்ட?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கேஸ் ஷீட் நகல் கையிலேயே இருந்தது, பக்கம் பக்கமாகத் திருப்பினேன். காஷுவாலிட்டி, எலும்பு வார்டு, மயக்க மருந்து, நான், எல்லோரும் ஆல்கஹாலிக் என்று எழுதியிருந்தோம். ஒருவர்கூடக் கடைசியாக எத்தனை மணிக்கு என்று எழுதவில்லை. அந்த வார்த்தையை எழுதியதும் தெரிய வேண்டியது எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைத்துவிட்டோம். அந்த வார்த்தையை எழுதிய பேனாவிலேயே ‘ஞாயிறு இரவு 7’ என்று எழுதியிருந்தால், செவ்வாய் ராத்திரி என்ன வரும் என்று திங்கள் காலையே நான் சொல்லியிருப்பேன்.

அவர் அதோடு விடவில்லை. “சரி, இப்பக் கேளுங்க. நான்தான் அந்த வெல்டர்.” எனக்குக் கூச்சமாக இருந்தது, பத்தொன்பது முகம் திரையில். வார்டில் எப்படிக் கேட்பேனோ அப்படியே கேட்டேன்: “குடிப்பழக்கம் இருக்கா?” அவர் பட்டென்று, “எப்பவாச்சும் மேடம்” என்றார். “தினமும் குடிப்பீங்களா?” “அய்யோ, இல்ல மேடம்.” இந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன மருந்து எழுதுவீர்கள் என்று கேட்டுவிட்டு, இன்னொரு தடவை கேளுங்கள் என்றார். மூன்றாவது தடவை என் குரலே மாறிப்போனது, எப்படி என்று எனக்குத் தெரியாது. “கால் ரொம்ப வலிக்குதா? விழறதுக்கு முன்னாடி கடைசியா எத்தனை மணிக்குக் குடிச்சீங்க? திடீர்னு நின்னுட்டா நடுக்கம் வரும், முன்னாடியே மருந்து போட்டா வராது, அதுக்குத்தான் கேக்கறேன்.” அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஏழு மணி இருக்கும் மேடம். காலையில போடலைன்னா பிரஷ் பிடிக்க முடியாது” என்றார். அவர் நடிக்கத்தான் செய்தார், ஆனால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. திங்கள் காலை அந்தப் படுக்கையருகே நான் நின்றது மொத்தம் நான்கு நிமிடம். இந்தக் கேள்விக்கு முக்கால் நிமிடம் போதும்.

அப்போது ஒரு தாலுகா மருத்துவமனையிலிருந்து ஒரு சீனியர் சிஸ்டர், இதுவரை வகுப்பில் வாயே திறக்காதவர், மைக்கைப் போட்டார். “நாங்க காலையில டீயில கண்டுபிடிச்சிடுவோம் சார்.” அஞ்சரை மணிக்கு வார்டில் டீ வரும்போது, முந்தின நாள் சேர்ந்தவர்களில் யார் டம்ளரை ரெண்டு கையாலும் பிடிக்கிறார்கள், யார் கட்டில் மேல் வைத்துவிட்டுக் குனிந்து உறிஞ்சுகிறார்கள், யார் பக்கத்தில் இருப்பவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று பார்ப்பாராம். அவர்கள் பெயரை ஒரு தாளில் எழுதி வைப்பாராம். யாரிடம் சொல்வீர்கள் என்று கேட்டதற்கு, “டாக்டர் கேட்டாச் சொல்வோம், யாரும் கேக்க மாட்டாங்க” என்றார். குடியை நிறுத்தியதும் வரும் தொல்லைகளை அளக்க, பத்து கேள்வியும் 67 மதிப்பெண்ணும் உள்ள சீவா அட்டவணையை எனக்குத் தெரியும். அதில் முதல் சில வரிகளை அந்த சிஸ்டர் ஒரு டீ டம்ளரை வைத்துப் பல வருடமாக அளந்துகொண்டிருந்திருக்கிறார்.

டூட்டி மாறும் நேரம்

இப்போது எங்கள் மருத்துவமனையில் புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, சிஸ்டர்கள் டூட்டி மாறும் நேரத்தில், இருபது நிமிடம் உட்காருகிறோம். எலும்பு வார்டு, சர்ஜரி வார்டு, மெடிக்கல் வார்டு மாறி மாறி. ஹவுஸ் சர்ஜன்கள், சிஸ்டர்கள், வர முடிந்த பணியாளர்கள். இதற்கு சி.எம்.இ. கிரெடிட் கிடையாது, கேட்டுப் பார்த்தேன், முறைப்படி விண்ணப்பித்தால் டாக்டர்களுக்குக் கிடைக்கலாம் என்றார்கள், அதற்குக் காத்திருக்கத் தோன்றவில்லை. ஸ்லைடு இல்லை. அந்த வாரம் நடந்த ஒரு கேஸ், கேள்வியை வாய்விட்டுக் கேட்டுப் பார்ப்பது, குவாட்டர் கணக்கு, தயமின் எந்த அலமாரியில் இருக்கிறது. முதல் மாதம் ஒரு சிஸ்டர் என்னிடம் நேராகவே சொன்னார், “மேடம், ராத்திரி நாப்பது பேஷண்டுக்கு நாங்க ரெண்டு பேர். ஒருத்தர் எழுந்து ஓடினா கட்டாம என்ன செய்றது?” அவர் சொன்னது முழுக்க உண்மை. ஆள் பற்றாக்குறையை எந்த வகுப்பும் தீர்க்காது. திங்கள் காலையே மருந்து ஆரம்பித்தவர் செவ்வாய் ராத்திரி எழுந்து ஓடுவது குறைகிறது என்று மட்டும் அவரிடம் சொன்னேன். இரண்டு மாதம் கழித்து அதை அவரே மற்றவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தார்.

சிலர் குடியை விட்டிருக்கிறார்கள், பலர் விடவில்லை. விடாமல் மறுபடி வந்தவர்களைப் பார்த்து முன்பு எனக்கு எரிச்சல் வரும், இவருக்கு எதற்கு நம்ம நேரம் என்று. அந்த எரிச்சலை நான் வாத்தியார்களிடமிருந்து கற்றேன், என்னிடமிருந்து ஹவுஸ் சர்ஜன்கள் கற்றிருப்பார்கள், அதற்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையிருக்கவில்லை.

போன திங்கள் எலும்பு வார்டுக்கு ஃபிட்னஸ் பார்க்கப் போனேன். தோள்பட்டை விலகிய ஒரு லோடுமேன், நெற்றியெல்லாம் வியர்வை. எனக்கு முன்னாலேயே ஒரு ஹவுஸ் சர்ஜன் பெண் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள், நான் வந்ததை அவள் கவனிக்கவில்லை. “கடைசியா எத்தனை மணிக்குண்ணே?” என்று கேட்டாள். அவர் மனைவியைப் பார்த்தார், மனைவி தலையைக் குனிந்துகொண்டார். “நேத்து ராத்திரி எட்டரை” என்றார் மெதுவாக. “எவ்வளவு?” “ஒரு ஆஃப்.” அவள் பேனாவை வாயில் வைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணினாள், அப்புறம் ஷீட்டில் எழுதினாள்: ஞாயிறு 8.30, பன்னிரண்டு டிரிங்க், செவ்வாய் இரவு முதல் வியாழன் இரவு வரை கவனிக்கவும். எழுதிவிட்டு, தயமின் எடுக்க சிஸ்டரைத் தேடிப் போனாள்.